ஃபீடருக்கு வர்ற பறவை என்ன பறவைன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

வீட்டுக்குப் பின்னாடி ஒரு தட்டுல தானியம் வெச்சா (ஃபீடர்ங்கறது இதான்) பறவை வரும், அதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. வந்தது என்னன்னு பேர் சொல்றதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. தெரியாத பறவை ஒண்ணு வந்து உக்காந்த உடனே போனையோ புக்கையோ எடுத்து பக்கம் பக்கமா தள்ளுவாங்க, தலையத் தூக்கிப் பாத்தா பறவை போயிருக்கும், மனசுல "சின்னது, பிரவுன் கலர்"னு மட்டும் நிக்கும், சின்னதா பிரவுன் கலர்ல இருக்கற பறவைய எண்ண ஆரம்பிச்சா அன்னிக்குப் பொழுது அதுக்கே சரியாப் போயிடும். அதனால பறவை கண்ணு முன்னாடி இருக்கற வரைக்கும் புக்கத் தொடாதீங்க, பறவைய மட்டும் பாருங்க.

காட்டுக்குள்ள போய் பறவை பாக்கறவங்களுக்கு இல்லாத ஒரு வசதி ஃபீடர் வெச்சிருக்கறவங்களுக்கு இருக்கு: பாத்ததே திரும்பத் திரும்ப வரும். இன்னிக்கு மூக்கச் சரியாப் பாக்கலன்னா நாளைக்குப் பாத்துக்கலாம். இத வெச்சு நான் சொல்ற வழி என்னன்னா, அபூர்வமான பறவை எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருக்காம, தினமும் வர்ற நாலஞ்சு வகைய மொதல்ல கரைச்சுக் குடிச்சிடுங்க. ஆண் எப்படி, பெண் எப்படி, குஞ்சு எப்படி, பின்னாடி திரும்பி உக்காந்தா எப்படி, மழைல நனைஞ்சா எப்படி, பறந்து போறப்ப றெக்கைல என்ன தெரியுதுன்னு எல்லாம். அப்புறம் புதுசா ஒண்ணு கூட்டத்துக்குள்ள வந்து உக்காந்தா, பேர் தெரியாட்டியும் "இது நம்ம ஆள் இல்ல"ன்னு உடனே பட்டுடும். பேர் கண்டுபிடிக்கறதுல பாதி வேலை அங்கயே முடிஞ்சுது.

எங்க வைக்கிறது

பேர் கண்டுபிடிக்கணும்னா மொதல்ல பறவை நல்லாத் தெரியணும். காலைலயும் சாயங்காலமும்தான் கூட்டம் அதிகம், அந்த நேரத்துல சூரியன் உங்களுக்குப் பின்னாடி இருக்கற மாதிரி ஃபீடர் இருந்தா நல்லது, பறவைக்குப் பின்னாடி வெளிச்சம் இருந்தா எல்லாமே கருப்பு உருவமாத்தான் தெரியும். நீங்க உக்காந்து பாக்கற எடத்துலேந்து கண்ணு மட்டத்துக்கு இருந்தா இன்னும் வசதி, ரொம்ப உயரத்துல தொங்க விட்டா வயித்தத் தவிர வேற ஒண்ணும் தெரியாது.

ஜன்னல் விஷயத்துல மட்டும் கவனமா இருங்க. கண்ணாடியில தெரியற மரத்தையும் வானத்தையும் நெஜம்னு நெனச்சு பறவைங்க வந்து மோதும், நெறைய செத்தும் போகும். ஃபீடர் ஒண்ணு ஜன்னலுக்கு ரொம்பப் பக்கத்துல, அதாவது 1 மீட்டருக்குள்ள இருக்கணும், இல்லன்னா 10 மீட்டர் தள்ளி இருக்கணும். பக்கத்துல இருந்தா கெளம்பறப்ப வேகம் எடுக்கறதுக்குள்ள கண்ணாடி வந்துடும், அடி பெருசா படாது. நடுவுல வெக்கறதுதான் ஆபத்து. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் 5 சென்டிமீட்டருக்கு ஒண்ணுன்னு புள்ளியோ கோடோ ஒட்டிட்டா இன்னும் நல்லது, பருந்து ஸ்டிக்கர் ஒண்ணே ஒண்ணு ஒட்டறதுல பெருசா பிரயோஜனம் கிடையாது.

பூனை வர்ற வீடுன்னா புதர ஒட்டி வெக்காதீங்க, பூனை அதுக்குள்ளதான் பதுங்கும். ஆனா மரம் செடியே இல்லாத பொட்டல்ல வெச்சாலும் பறவை வராது, பயந்தா ஓடி ஒளிய ஒரு எடம் அதுக்கு வேணும். புதரோ மரமோ ஒரு மூணு மீட்டர் தள்ளி இருந்தா ரெண்டுக்கும் சரியா வரும்.

இன்னொரு சின்ன வேலை, ஆனா பெரிய உதவி: தட்டோட அகலத்தையும் பறவை உக்கார்ற குச்சியோட நீளத்தையும் ஸ்கேல் வெச்சு அளந்து எழுதி வெச்சுக்கோங்க. தட்டு 30 சென்டிமீட்டர்னு தெரிஞ்சா, அதுல பாதிய அடைச்சுக்கிட்டு உக்காந்த பறவை சுமாரா 15 சென்டிமீட்டர்னு அப்பவே சொல்லிடலாம். வெறும் கண்ணால அளவு சொல்றது ரொம்பவே ஏமாத்தும், குளிர்ல இறக உப்ப வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கற குருவி வெயில்ல இருக்கறதவிட ரொம்பப் பெருசாத் தெரியும்.

என்ன போட்டா யாரு வருவாங்க

தீனிதான் மொத வடிகட்டி. கருப்பு சூரியகாந்தி விதை போட்டா தடிச்ச மூக்குக்காரங்க எல்லாம் வருவாங்க. கம்பு, தினை மாதிரி சின்ன தானியத்த தரையிலயோ தாழ்வான தட்டுலயோ போட்டா சிட்டுக்குருவி, சில்லை, புறா. பழத்துண்டு வெச்சா கொண்டைக்குருவியும் மைனாவும். உப்பு போடாத வேர்க்கடலை கிளிக்கும் மரங்கொத்திக்கும் பிடிக்கும், ஆனா பூஞ்சை பிடிச்ச கடலையில அஃப்ளாடாக்சின்னு ஒரு விஷம் உண்டாகும், கொஞ்சம் சந்தேகமா இருந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க. பால், சாக்லேட், அவகாடோ, உப்பு சேத்தது எதுவும் வேண்டாம். ரொட்டி போட்டா வயிறு ரொம்பும், சத்து ஒண்ணும் கிடையாது. ஹம்மிங்பேர்டு வர்ற அமெரிக்கா பக்கம் இருக்கறவங்க சர்க்கரைத் தண்ணி வெக்கலாம், ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணி, செவப்புக் கலர் சேக்காதீங்க, தேன் கலக்கவே கலக்காதீங்க.

தண்ணி வெக்கறத பல பேர் மறந்துடறாங்க. தானியமே தொடாத பறவைகூட குடிக்கவும் குளிக்கவும் வரும், புழு பூச்சி மட்டும் திங்கற வகைகள ஃபீடர் பக்கம் வரவழைக்கறதுக்கு இதவிட சுலபமான வழி இல்ல. ஆழம் 5 சென்டிமீட்டருக்கு மேல வேண்டாம்.

பைனாகுலர் வாங்கறதா இருந்தா 8×42 போதும், 8ங்கறது எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்ங்கறது, 42ங்கறது முன்னாடி இருக்கற லென்ஸோட அகலம், மில்லிமீட்டர்ல. 12 மடங்கு, 15 மடங்குன்னு ஆசைப்பட்டு வாங்கினா கை ஆடறதுதான் பெருசாத் தெரியும். ஃபீடர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான்னா பைனாகுலரே தேவையில்ல, சொல்லப்போனா பல பைனாகுலர் அவ்வளவு கிட்ட ஃபோகஸே ஆகாது.

கலரக் கடைசியா பாருங்க

இதுதான் எல்லாத்தையும்விட முக்கியம். கலர்தான் கண்ணுல மொதல்ல படும், அதே கலர்தான் அதிகமா ஏமாத்தும். தேன்சிட்டோட மேல ஊதாவும் பச்சையுமா மின்னற கலர் வெளிச்சம் சரியான கோணத்துல பட்டாதான் தெரியும், இல்லன்னா அது வெறும் கருப்புக் குருவி. அதனால மொதல்ல அளவு, அப்புறம் உருவம், அப்புறம் மூக்கு, அப்புறம் அது என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு கடைசியா கலருக்கு வாங்க.

அளவுக்கு நாலு பறவைய மனசுல வெச்சுக்கோங்க: சிட்டுக்குருவி சுமாரா 15 சென்டிமீட்டர், மைனா 23லேந்து 25, மாடப்புறா 32 பக்கம், வீட்டுக் காக்கா 40 பக்கம். புதுசா வந்தது குருவிக்கும் மைனாக்கும் நடுவுலயா, மைனாவவிடப் பெருசான்னு சொன்னாலே புக்குல முக்கால்வாசிப் பக்கம் கழிஞ்சுடும். பக்கத்துலயே தெரிஞ்ச பறவை ஒண்ணு உக்காந்திருந்தா அத வெச்சு அளக்கறது இன்னும் நம்பகம்.

மூக்கப் பாத்தா அது என்ன திங்கும்னு தெரிஞ்சுடும். குட்டையா, தடிப்பா, கூம்பு மாதிரி இருந்தா விதை ஒடைக்கற கூட்டம், சிட்டுக்குருவி, சில்லை, ஃபின்ச் எல்லாம் அதுல வரும். மெல்லிசா நேரா இருந்தா பூச்சி பொறுக்கறது. நீளமா வளைஞ்சிருந்தா தேன் குடிக்கறது. கொக்கி மாதிரி வளைஞ்சு தடிப்பா இருந்தா கிளி, அதே கொக்கி கூர்மையா இருந்து கூடவே கால்ல நகமும் பெருசா இருந்தா அது தானியம் திங்க வரல, தானியம் திங்கறவங்களத் திங்க வந்திருக்கு.

அப்புறம் நடத்தை. புக்குப் படத்துல கெடைக்காத விஷயம் இது, ஃபீடர்ல ஒக்காந்து பாக்கறவங்களுக்கு மட்டும் சும்மா கெடைக்குது. சிட்டுக்குருவி தரையில தத்தித் தத்திப் போகும், மைனா மனுஷன் மாதிரி ஒரு கால் மாத்தி ஒரு கால் வெச்சு நடக்கும், புறா ஒவ்வொரு அடிக்கும் தலைய முன்னாடி தள்ளித் தள்ளி நடக்கும். வாலாட்டிக்குருவிக்கு வால் நிக்கவே நிக்காது. தவிட்டுக்குருவி தனியா வராது, ஆறு ஏழுன்னு கூட்டமா கத்திக்கிட்டே வந்து எறங்கி தரையில எலையப் பொரட்டிப் போடும். குளிர் நாட்டுத் தோட்டங்கள்ல வர்ற டிட், சிக்கடி வகையெல்லாம் ஒரு விதைய எடுத்துக்கிட்டு ஓடிப்போய் கிளைல வெச்சு கால்ல பிடிச்சுக் கொத்தித் தின்னுட்டு திரும்ப வரும், ஃபின்ச் அப்படி இல்ல, உக்காந்த எடத்த விட்டு நகராம அங்கயே மென்னுக்கிட்டு இருக்கும். மரத்துல தலைகீழா எறங்கி வந்தா அது நட்ஹேட்ச், மரங்கொத்தி வால மரத்துல முட்டுக் குடுத்துக்கிட்டு நிக்கும், தலைகீழா எறங்காது.

இத்தனையும் பாத்த அப்புறம்தான் அடையாளம், அதுலயும் மொகத்துலேந்து ஆரம்பிங்க. கண்ணுக்கு மேல புருவம் மாதிரி கோடு இருக்கா, கண்ணு வழியா கோடு போகுதா, கண்ணச் சுத்தி வளையம் இருக்கா, தொண்டை என்ன கலர், தலைல கொண்டை இருக்கா. அப்புறம் நெஞ்சுல கோடா புள்ளியா ஒண்ணும் இல்லையா, மடிச்ச றெக்கைல வெள்ளைப் பட்டை இருக்கா, வால் ஓரம் வெள்ளையா. பறக்கறப்பவும் கண்ண எடுக்காதீங்க, முதுகு முடிஞ்சு வால் ஆரம்பிக்கற எடம் அப்பதான் தெரியும்.

ஒரே மாதிரி இருக்கறதுங்க

கொண்டைக்குருவில ரெண்டு வகை ஒரே பழத்தட்டுக்கு வரும், ரெண்டுக்கும் வாலுக்கு அடில செவப்புதான், அதனால அந்த செவப்ப வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. தலை கருப்பா, ஒடம்பு முழுக்க செதில் மாதிரி அழுக்குப் பிரவுன்ல இருந்து, பறக்கறப்ப வாலுக்கு மேல வெள்ளை பளிச்சுன்னு தெரிஞ்சா அது சாதாரணக் கொண்டைக்குருவி, செம்புழைன்னும் சொல்லுவாங்க. கொண்டை ஊசி மாதிரி நிமிந்து நின்னு, கன்னம் வெள்ளையா, கண்ணுக்குப் பின்னாடி குட்டியா ஒரு செவப்பு இருந்தா செம்மீசை. இதுல குஞ்சுக்கு அந்த மீசை இருக்காது, கொண்டையையும் கன்னத்தையும்தான் நம்பணும்.

தவிட்டுக் கலர் புறாக்களுக்குக் கழுத்தப் பாத்தாப் போதும். பின்கழுத்துல கருப்புத் துணில வெள்ளைப் பொட்டு வெச்ச மாதிரி இருந்தா புள்ளிப்புறா. பின்கழுத்துல கருப்பா ஒரு அரைவட்டக் கோடு மட்டும் இருந்தா கள்ளிப்புறா. பின்னாடி ஒண்ணும் இல்லாம கழுத்தோட முன்பக்கம் செம்பழுப்புல கருப்புப் பொடிப் புள்ளி இருந்தா சின்னத் தவிட்டுப்புறா.

மைனால கண்ணச் சுத்தி மஞ்சள் தோல் தெரிஞ்சா சாதாரண மைனா, அந்த மஞ்சள் இல்லாம மூக்குக்கு மேல சின்னதா இறகு குத்திக்கிட்டு நின்னா காட்டு மைனா. வட அமெரிக்கால இருக்கறவங்களக் கொழப்பறது டவுனி, ஹேரின்னு ரெண்டு மரங்கொத்தி, உடுப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான், டவுனிக்கு மூக்கு தலையோட நீளத்துல மூணுல ஒரு பங்குதான் இருக்கும், ஹேரிக்குத் தலை நீளத்துக்கே கிட்ட வந்துடும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பாக்காத வரைக்கும் எல்லா டவுனியும் ஹேரி மாதிரிதான் தெரியும், ஒருதடவை நெஜ ஹேரியப் பாத்துட்டா அப்புறம் சந்தேகமே வராது.

பெண், குஞ்சு, இறகு உதுத்துறது

புக்குல பெரிய படமாப் போடறது ஆணத்தான், அதுவும் முட்டை வெக்கற சீசன்ல இருக்கற கோலத்த. ஆனா ஃபீடருக்கு வருஷம் முழுக்க எல்லாரும் வருவாங்க. சிட்டுக்குருவி ஆணுக்கு உச்சந்தலை சாம்பல், தொண்டைல கருப்பு, பெண்ணுக்கு அது ரெண்டும் கிடையாது, மங்கலான பிரவுன்ல கண்ணுக்குப் பின்னாடி வெளுத்த ஒரு கோடு மட்டும். ஆணோட அந்தக் கருப்பும் எப்பவும் ஒரே அளவுல இருக்காது, புது இறகு மொளைச்ச சமயம் நுனி எல்லாம் சாம்பலா இருந்து கருப்ப மூடி வெச்சிருக்கும், நுனி தேயத் தேயத்தான் கருப்பு வெளில வரும். ஊதாத் தேன்சிட்டு ஆண் சீசன் முடிஞ்சதும் பெண் மாதிரியே மஞ்சளா மாறிடும், நடு நெஞ்சுல ஒரு கருப்புக் கோடு மட்டும் மிச்சம் இருக்கும், அந்தக் கோடுதான் அடையாளம். பச்சைக்கிளில வளந்த ஆணுக்கு மட்டும்தான் கழுத்துல வளையம், பெண்ணுக்கும் சின்னதுங்களுக்கும் இருக்காது, அதனால வளையம் இல்லாததெல்லாம் பெண்ணுன்னு எழுதிடாதீங்க.

பெண்ணப் பாத்து ஒண்ணும் புரியலன்னா அது யாரு கூட வந்திருக்குன்னு பாருங்க, பல சமயம் ஜோடில ஆண் பக்கத்துலயே இருக்கும். குஞ்ச கண்டுபிடிக்கறதும் சுலபம், வாய் ஓரம் மஞ்சளா தடிப்பா இருக்கும், றெக்கைய நடுங்கற மாதிரி ஆட்டிக்கிட்டே பெருசுகிட்ட வாயத் தெறந்து கேக்கும். இதுலயும் ஒரு விவகாரம் இருக்கு, குயில் பெரும்பாலும் காக்கா கூட்டுலதான் முட்டை வெக்கும், அதனால காக்கா ஒண்ணு தனக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத குஞ்சுக்கு ஊட்டிக்கிட்டு இருந்தா நீங்க தப்பாப் பாக்கல.

இறகு உதுத்தற சமயத்துல வால் இல்லாத மைனா, தலை மொட்டையான கொண்டைக்குருவி எல்லாம் வரும், புது வகைன்னு நெனச்சுடாதீங்க. ஒடம்புல திட்டுத் திட்டா வெள்ளையோட ஒரு காக்காவோ குருவியோ வந்தாலும் அதே கதைதான், நெறமி கொறஞ்ச இறகு, அவ்வளவுதான். அளவும் மூக்கும் நடையும் மாறியிருக்காது.

சத்தமும் ஆப்பும்

கார்னெல் பல்கலைக்கழகத்தோட மெர்லின் ஆப் இலவசம், போட்டோ குடுத்தாலும் சத்தத்த ரெக்கார்ட் பண்ணாலும் பேர் சொல்லும். நல்லாவே சொல்லும், ஆனா அது சொல்றத ஒரு யோசனையா மட்டும் எடுத்துக்கோங்க, ஏன்னா மைனா மாதிரி சிலது அடுத்தவங்க கொரல அப்படியே எடுத்து விடும். ஆப் ஒரு பேர் சொன்னா அந்தப் பறவைய கண்ணால தேடிப் பாத்துட்டு அப்புறம் எழுதுங்க. மொதல்ல நீங்களா ஒரு பேர் சொல்லிப் பாத்துட்டு அப்புறம் ஆப்ப தெறந்தா இன்னும் சீக்கிரம் கத்துக்கலாம், மொதல்லயே ஆப்ப தெறந்தா கத்துக்கறது அந்த ஆப் மட்டும்தான்.

நோட்டு ஒண்ணு போடுங்க. தேதி, நேரம், வானிலை, என்ன தீனி, யாரு வந்தாங்க. தெரியாத பறவைக்கு புக்கத் தெறக்கறதுக்கு முன்னாடியே பாத்தத எழுதி கோணலாவாவது ஒரு படம் போட்டு அம்பு போட்டுக் குறிச்சுடுங்க, படத்தப் பாத்தப்புறம் எழுதினா பாக்காத கோடெல்லாம் பாத்த மாதிரி தோணும். கடைசி வரைக்கும் தெரியலன்னா "தெரியல"ன்னே எழுதுங்க, அதுல கௌரவக் கொறச்சல் ஒண்ணும் இல்ல.

எத்தனை வந்துச்சுன்னு எண்ணறதுக்கு ஒரு மொறை இருக்கு: ஒரே நேரத்துல அதிகபட்சமா எத்தனை கண்ணுல பட்டுச்சோ அதான் கணக்கு. வரும்போதெல்லாம் கூட்டிக்கிட்டே போனா ஒரே குருவிய இருவது தடவை எண்ணிடுவீங்க. பிரிட்டன்ல 1979லேந்து நடக்கற தோட்டப் பறவைக் கணக்கெடுப்புலயும், வட அமெரிக்கால 1987லேந்து நடக்கற ஃபீடர்வாட்ச்லயும் இதே விதிதான். உலகத்துல எங்கேந்து வேணாலும் சேரணும்னா ஒவ்வொரு பிப்ரவரியும் நாலு நாள் நடக்கற கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட் இருக்கு, 1998ல ஆரம்பிச்சது, கொறஞ்சது 15 நிமிஷம் எண்ணினா போதும்.

கழுவறது

போரான வேலைதான், ஆனா கழுவலன்னா ஃபீடரே வெக்காதீங்க. பல பறவை ஒரே தட்டுல எச்சமும் எச்சிலுமா திங்கறப்ப நோய் சட்டுனு பரவும். அமெரிக்கால 1994லேந்து ஹவுஸ் ஃபின்ச்சுங்களுக்கு ஒரு கண்ணு நோய் பரவி கூட்டம் கூட்டமா கொறஞ்சுது, பிரிட்டன்ல 2005லேந்து ட்ரைக்கோமோனோசிஸ்னு தொண்டைல வர்ற நோயால கிரீன்ஃபின்ச் எண்ணிக்கை ரொம்பவே விழுந்துச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒருதடவையாவது ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து தேச்சு, நல்லா அலசி, முழுசாக் காய வெச்சு அப்புறம் தானியம் போடுங்க. சர்க்கரைத் தண்ணி ஃபீடர்னா வெயில் காலத்துல ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவை. நீங்க கிட்டப் போனாலும் பறக்காம இறக உப்பிக்கிட்டு உக்காந்திருக்கற, கண்ணு வீங்கின, முழுங்கக் கஷ்டப்படற பறவை ஒண்ணு வந்துச்சுன்னா ஃபீடரையும் தண்ணித் தொட்டியையும் கழட்டி ரெண்டு வாரம் உள்ள வெச்சுடுங்க. தினமும் வர்றதுங்கள நல்லாத் தெரிஞ்சு வெச்சிருந்தா இதுவும் மொத நாளே கண்ணுல படும்.

திடீர்னு ஒருநாள் ஃபீடர் காலியாக் கெடந்தா பதறாதீங்க. பெரும்பாலும் வெளில பழமோ விதையோ பூச்சியோ பெருசா கெடைச்சிருக்கும், அது தீந்ததும் வந்துடுவாங்க. பழைய தானியம் நனைஞ்சு கட்டியாகி இருக்கான்னும் கையவிட்டுப் பாருங்க. எல்லாம் திங்கற நடுவுலயே அப்படியே ஒறைஞ்சு போய் ஒரு சத்தமும் இல்லாம இருந்தா தலைக்கு மேல மரத்தப் பாருங்க, வல்லூறு ஒண்ணு எங்கயாவது உக்காந்திருக்கும். அதுக்கும் ஒரு வரி நோட்டுல எழுதிடுங்க, அதுவும் ஃபீடருக்கு வந்த பறவைதான். தெனம் வந்து ஒக்காந்துக்கிச்சுன்னா மட்டும் ஒரு வாரம் பத்து நாள் ஃபீடர எடுத்து வெச்சுடுங்க, குருவிங்க செதறிப் போனதும் அது வேற எடம் தேடிப் போயிடும்.